எண்பத்தெட்டாவது கட்டை

திருப்புளி வழுக்கி ஆள்காட்டி விரலில் ஏறியது. ரத்தம் எட்டிப் பார்த்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் எழுநூறு பேர் முன்னால் ஓட வேண்டிய விரல் அது. அவன் அதை வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த திருகாணிக்குத் தாவினான்.

மணி மூன்று அடித்து நான்கு நிமிஷம். நான்கு மணிக்குக் கச்சேரி. மூன்றரைக்குக் கதவைத் திறப்பார்கள். பியானோவுக்குச் சுதி சேர்த்துவிட்டு அக்கா டீ குடிக்கப் போயிருந்தாள். அவள் டீ குடிக்கப் பதினைந்து நிமிஷம் ஆகும். பதினாறு ஆகாது. அதில் நான்கு ஏற்கெனவே காலி.

கடைசித் திருகாணியும் கழன்றது. கட்டைகளுக்கு முன்னால் ஓடிய நீளப் பலகையை இழுத்து எடுத்தான். சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் ரகத்துப் பழைய பியானோ அது. அதன் வயிறு திறந்துகொண்டதும் முதலில் வெளியே வந்தது நாற்றம்.

ஊறிப்போன கம்பளி, எலி மூத்திரம், என்றைக்கோ யாரோ கொட்டிய இனிப்புச் சாராயம், எல்லாம் சேர்ந்து அடித்தது. டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தான். கட்டைகளுக்கு அடியில் நாற்பது வருஷத்து அழுக்கு மெத்தை போட்டிருந்தது. மிளகு மிளகாகப் புழுக்கை. முடி சுற்றிய ஒரு கொண்டை ஊசி. எவனோ கடித்துத் துப்பிய நகத்துண்டுகள். மென்று ஒட்டிவைத்த பபிள்கம், அதில் மாட்டிய கரப்பானின் ஒற்றைக் கால். மேலே பளபளவென்று வெள்ளையும் கறுப்பும். கீழே இது. தன்னை யாரோ படம் பிடித்து மாட்டியது போல் இருந்தது அவனுக்கு.

இடது கோடியில் இருந்த முதல் கட்டையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தான். முக்கி முனகி ஆணியை விட்டுக் கையோடு வந்தது. முழ நீளத்துக்கு வெறும் மரம். அதன் பக்கவாட்டில் பென்சில் எழுத்து.

அவன் தேடியது அதைத்தான்.

பியானோவுக்குச் சுதி சேர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஒரு கட்டையை உருவி, வெளியே தெரியாத அதன் மரப் பக்கத்தில் தேதி போட்டு நாலு வார்த்தை எழுதிவிட்டு மறுபடி சொருகிவிடுவார்கள். அடுத்து வருகிற ரிப்பேர்காரருக்கு அது மருந்துச் சீட்டு மாதிரி. வாசிக்கிறவன் கண்ணில் ஜென்மத்துக்கும் படாது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிற்பகல், இதே பியானோவில் அக்கா எழுதினாள். அவன் கண்ணால் பார்த்தான். நாலு வார்த்தை இல்லை. கட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, திருப்பிப் பிடித்து மறு பக்கத்திலும், நின்று நிதானமாக எழுதினாள்.

அந்த எழுத்தை இன்று மூன்றேகாலுக்குள் அழிக்க வேண்டும். சட்டைப் பையில் ரப்பர் இருந்தது. ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கும் பள்ளிக்கூட ரப்பர். பக்கத்துக் கடையில் அதுதான் கிடைத்தது.

வினை காலையில்தான் வந்தது, மேனேஜர் ரூபத்தில். மேனேஜர் எப்போதும் முகத்துக்கு அரை அடி தள்ளி நின்றுதான் பேசுவான். சிகரெட்டை மறைக்கப் புதினா மிட்டாய், புதினாவை மறைக்க இன்னொரு சிகரெட்.

"சார், ஒரு பிரமாதமான ஐடியா. பியானோ நாளைக்கு மியூசியம் போகுதில்ல? அந்த மியூசியம் மேடம் கச்சேரி முடிஞ்ச கையோட மேடையிலேயே பிரிக்கிறாங்க. கட்டைக்குப் பக்கத்துல பழைய ஆளுங்க என்னென்னவோ கிறுக்கி வெச்சிருப்பாங்களாமே? ஒவ்வொண்ணா உருவி, பெரிய திரையில போட்டு, மைக்ல படிக்கிறாங்க. உங்க முதல் ரெக்கார்டு எடுத்த அன்னிக்கு எழுதினதும் கண்டிப்பா இருக்குமாம். ஜனம் அழுதுடும் சார்!"

"வேண்டாம். எனக்குப் பிடிக்கலை."

"அழைப்பிதழ்லயே போட்டாச்சு சார்."

அக்கா அப்போது ஓரமாக நின்று கருவிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். "அட, என் கையெழுத்துக்குக்கூட யோகம் அடிக்குதே" என்றாள்.

அந்தச் சிரிப்பு முடியும் முன்பே அவன் பக்கத்துக் கடைக்கு ரப்பர் வாங்கப் போய்விட்டான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஜாஸ் பியானோ என்று இன்று யாரைக் கேட்டாலும் அவனைத்தான் காட்டுவார்கள். அவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டால் கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பம் ஒரு ஹோட்டல் லாபி. லிஃப்டுக்கும் குப்பைக்கூடைக்கும் நடுவே ஆறு வருஷம். வருகிறவர்கள் ஈரக் கிளாஸைப் பியானோ தலையில் வைப்பார்கள். ஒருத்தி அதன் மேல் குழந்தையைக் கிடத்தி டயப்பர் மாற்றினாள். "நிறுத்தாதீங்க, உங்க பாட்டுக்குத்தான் அழாம இருக்கான்" என்றாள். பிறகு உல்லாசக் கப்பல். அங்கே ஜனங்கள் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி ஆடினார்கள். பிறகு ஒரு நிலவறை கிளப், மேலே ஓடும் கழிவுக் குழாயிலிருந்து மேடையில் சொட்டுச் சொட்டாக விழும். அவன் கறுப்புத் தொப்பி போட ஆரம்பித்தது அதற்காகத்தான். பிற்பாடு பத்திரிகைகள் அந்தத் தொப்பியை "அவருடைய தனித்துவம்" என்று எழுதின.

முப்பது வயதில் ஒரு ரெக்கார்டு கம்பெனி ஒரே ஒரு நாள் கொடுத்தது. ஒரு நாள், ஒரு அறை, இந்தப் பியானோ. அன்று காலையிலிருந்து அவனால் ஒரு பாட்டு முடிக்க முடியவில்லை. உட்கார்ந்து இரண்டு கை வைத்தால் வயிறு புரளும். ஏதோ ஒரு வீச்சம் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. பயம் நாறும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தான். பதினொரு தடவை கழிப்பறைக்கு ஓடினான். டிரம்ஸ்காரரும் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசித்த அப்போதைய பேஸ்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, மத்தியானம் மரியாதையாகக் கழன்றுகொண்டார்கள்.

மூன்று மணிக்குக் கட்டை இரண்டு ஒட்டிக்கொண்டது. அக்காவைக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே டீச்சரிடம்தான் பியானோ படித்தார்கள். அக்காவுக்கு வந்ததில் கால்வாசிகூட அவனுக்கு வரவில்லை. ஆனால் பதினாறு வயதில் ஒரு பள்ளி விழா முடிந்ததும் அக்கா கையைக் கழுவிவிட்டாள். "நாலு பேர் முன்னாடி உட்கார்ந்து நெளியறதும் அவங்க கை தட்டறதும், சே, உடம்பெல்லாம் ஊருது. எனக்குப் பியானோ போதும், பாட்டு வேண்டாம்" என்றாள். திருப்புளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ரிப்பேருக்குப் போய்விட்டாள்.

அன்று அவள் வந்தபோது அவன் கழிப்பறைக் கோப்பையைக் கட்டிக்கொண்டு கிடந்தான். ரெக்கார்டிங்காரர் மெஷினை அணைக்க மறந்துவிட்டு வெளியே சிகரெட் பிடிக்கப் போனார். அக்கா கட்டையைச் சரிசெய்தாள், தட்டிப் பார்த்தாள். அவள் தட்டிப் பார்ப்பது என்றால் இடது கையால் கீழ்க் கோடியில் ஒரு கட்டையையும் அதற்குப் பத்தாவது கட்டையையும் சேர்த்து ஒரே அடி. அடுத்தது, அதற்கு அடுத்தது என்று படியேறி மேலே வருவாள். பிறகு கம்பிகள் இறுகி உட்காருவதற்காக வலது கையை அதன் போக்கில் மேய விடுவாள். ஏழு நிமிஷம். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது கையில் கட்டையோடு எழுதிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது. வாசி" என்று சொல்லிவிட்டுப் பையோடு போய்விட்டாள். அவன் வாசிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாள் காலை ரெக்கார்டிங்காரர் போன். "சார்! நான் வெளிய போன நேரம் பார்த்து இதை வாசிச்சிருக்கீங்களே! இந்த இடது கை! எனக்குப் புல்லரிக்குது சார். இது நீங்கதானே?"

"ஆமா" என்றான்.

இரண்டே எழுத்து. அதற்குள்தான் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறான்.

ரெக்கார்டு வந்தது. பரிசுகள் வந்தன. ஒரு மெத்தைக் கம்பெனி அந்த ஏழு நிமிஷத்தில் பத்து நொடியை வெட்டி எடுத்து ஒரு வெளிநாட்டில் விளம்பரம் போட்டது. இப்போது வந்தது அடுத்த சிக்கல். ஜாஸ் என்றால் மெட்டு ஒன்றுதான். ஆனால் நேற்று வாசித்ததை இன்று வாசிக்கக் கூடாது. அந்த நிமிஷத்தில் தோன்றுவதைத்தான் வாசிக்க வேண்டும். ஜனங்களோ அந்த ஏழு நிமிஷத்தைத்தான் கேட்டார்கள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு வாரம் அதை ஒவ்வொரு சுரமாக எழுதி நெட்டுருப் போட்டான். அன்றிலிருந்து ஒப்பிக்கிறான். கண்ணை மூடி, தலையை ஆட்டி, அப்போதுதான் தோன்றியது போல நடுவில் "ம்ம்" என்று ஒரு முனகல் வேறு. அந்த முனகல்கூட ஒத்திகை பார்த்தது. ஒவ்வொரு தடவையும் அந்த முனகல் வாயை விட்டு வரும்போது, தன் எச்சிலைத் தானே திரும்ப விழுங்குவது போல் இருக்கும்.

அதுவும் முழுசாக வரவில்லை. அக்காவின் கை முறம். அவன் கை அகப்பை. சின்ன வயதிலிருந்தே அவள் அவனைக் "குட்டைவிரல்" என்றுதான் கூப்பிடுவாள். அவள் சேர்த்து அடித்த பத்துக் கட்டை இடைவெளி அவனுக்கு எட்டாது. முதலில் ஒன்று, பிறகு தாவி இன்னொன்று. ஒரு விமர்சகர் அதற்கும் எழுதினார்: "தன் பழைய வேகத்தை உடைத்து, இடையில் மௌனத்தைக் குடியேற்றுகிறார்." அவன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டினான். பிறகு அதைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ச் சுவரைப் பார்த்தான்.

உண்மைக்குப் பக்கத்தில் வந்தவன் ஒருத்தன்தான். இப்போதைய பேஸ்காரன். ஆறரை அடி, எல்லாரும் ஒட்டகம் என்பார்கள். "சார், ஒரு நாளாவது வேற மாதிரி வாசிங்க சார். நீங்க அடுத்து எங்க முனகுவீங்கன்னு எனக்கு மனப்பாடம். நின்னுக்கிட்டே தூங்கறேன்" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனாலும் சொல்வான்.

அக்கா மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவனைத் தின்றது. ரெக்கார்டு வந்த வாரம் ஒரு சி.டி. தட்டில் கையெழுத்துப் போட்டு அவளுக்குக் கொடுத்தான். மறு மாதம் அவள் பட்டறைக்குப் போனபோது அது ஜன்னலில் நூலில் தொங்கிச் சுழன்றுகொண்டிருந்தது. "புறாத் தொல்லைடா. இது மினுக்குதா, அதிகமா கிட்ட வர்றதில்லை" என்றாள். அவன் கையெழுத்தின் மேல் பறவை எச்சம் காய்ந்திருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு தொங்கவிட்டிருக்கிறாள்.

அதனால் அவளைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். தன் கச்சேரி எல்லாவற்றுக்கும் அக்காதான் சுதி சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தான். கூடவே இன்னொரு வரி: சுதி சேர்க்கும் நேரத்தில் அரங்கத்தில் ஓர் ஈ காக்கா இருக்கக் கூடாது. மேதைகளுக்கு இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும் என்று எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். அவள் தட்டிப் பார்ப்பதை எவனும் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அக்காவும் ஒரு கச்சேரிக்குக்கூட உட்கார்ந்ததில்லை. முதல் மணி அடித்ததும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, பெட்டியை மூடிக்கொண்டு, நடையைக் கட்டுவாள். அந்தப் பஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு யாரோ முகத்தில் துப்பியது போல் இருக்கும்.

இப்போது முதல் கட்டை அவன் கையில் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் படித்தான்.

ஐந்து கையெழுத்து. ஐந்து தேதி. "மிதி ரிப்பேர்." "ஈரம் ஜாஸ்தி." "கம்பி ஒன்று மாற்றியது."

அக்காவின் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

திருப்பினான். மறு பக்கம் வெறும் மரம். அவசரமாக இரண்டாவது கட்டையை உருவினான். இல்லை. மூன்றாவது, நான்காவது. இல்லை, இல்லை. நெற்றி வியர்வை அழுக்கு மெத்தையில் சொட்டியது. மணி மூன்று பத்து. எண்பத்தெட்டுக் கட்டை. எதில்?

"வலது கோடிடா" என்றது ஒரு குரல். "கடைசிக் கட்டை."

அக்கா மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். கையில் பாதி டீ.

"சீக்கிரம் வந்துட்டே" என்றான். வேறு என்ன சொல்வது?

"டீயா அது, பாத்திரம் கழுவின தண்ணி. அதை விடு. நான் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து சேர்த்து வெச்சதை இப்படி எலி மாதிரி பிராண்டிப் போட்டிருக்கியே, உனக்கு என்ன பைத்தியமா? வாயில என்னடா, ரத்தமா?"

"விரல்ல பட்டுது."

"விரலை வாயில வெச்சியா? இந்த அழுக்கைத் தொட்ட விரலை? த்தூ!" அவள் டீயைத் தரையில் வைத்துவிட்டு வந்தாள். உருவிப்போட்ட நாலு கட்டைகளையும் பார்த்தாள். பிறகு அவன் பையிலிருந்து நழுவித் தரையில் கிடந்த ரப்பரைக் குனிந்து எடுத்து முகர்ந்தாள். "ஸ்ட்ராபெரி. எதை அழிக்க வந்தே?"

அவன் உருவிய கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினான்.

"சொல்லுடா குட்டைவிரல்."

"அன்னிக்கு எழுதினியே, அது."

"அதுவா? எல்லாரும் முதல் கட்டையில எழுதுவாங்க, நீளமா எழுத அங்க எனக்கு இடம் பத்தாது. கடைசிக் கட்டையை யாரும் வாசிக்கிறதே இல்லை. அதனால நான் எழுதினது எல்லாம் அங்கதான்." வலது கோடிக்குப் போனாள். அவன் நாலு கட்டைக்கு மல்லுக்கட்டியதை அவள் இரண்டு விரலால் ஓர் அசைப்பில் செய்தாள். எண்பத்தெட்டாவது கட்டை அவள் கைக்கு வந்தது. எழுத்து அவள் பக்கம் திரும்பி இருந்தது. படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதுல என்ன இருக்குன்னு இவ்வளவு பயம்?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"கேக்கறேன். சொல்லு."

அவனுக்குள் பதினெட்டு வருஷமாக அடைத்திருந்தது எதுவோ உடைந்தது. கக்கிவிட்டான். அப்படித்தான் சொல்ல வேண்டும். பேசியது போல் இல்லை.

"என்ன, சித்திரவதை பண்றியா? உனக்கு வேணும்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்! மெஷின் ஓடிக்கிட்டிருந்தது, நீ வாசிச்சே, அந்த ஆளு என்னைக் கேட்டான், நான் ஆமான்னுட்டேன். ஆமா! நான்தான்னேன்! ஆறு வாரம் ரூமுக்குள்ள உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினேன். இன்னி வரைக்கும் ஒப்பிக்கிறேன். நீ என்னடான்னா ஒண்ணுமே சொல்லாம, அந்தத் தட்டைப் புறாவுக்குத் தொங்கவிட்டு, காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு... அதுக்குப் பேசாம என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம்."

அக்கா அசையாமல் நின்றாள். கட்டையைப் பிடித்திருந்த கட்டைவிரல் மட்டும் மரத்தை ஒருமுறை தடவியது.

"எத்தனை நிமிஷம்?" என்றாள்.

"என்ன?"

"நான் வாசிச்சது. எத்தனை நிமிஷம்?"

"ஏழு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"எப்படி ஆரம்பிக்குது?"

"அக்கா, போதும். ப்ளீஸ்."

அவள் கட்டையை நீட்டினாள். "படி. சத்தமா."

அவன் வாங்கினான். டார்ச்சைப் பிடித்தான். தேதி அதேதான். அதன் கீழே அக்காவின் குண்டு குண்டு எழுத்து.

"மூணு மணி. நடுக் கட்டை ரெண்டு ஒட்டுச்சு. அடியில..." நிறுத்தினான்.

"படிடா."

"அடியில செத்த எலி, குட்டிகளோட. மூணு நாலு நாள் ஆகியிருக்கும். புழு வெச்சிருக்கு." கட்டையைத் திருப்பினான். "எடுத்துப் போட்டேன். நாத்தம் போகலை. இதுக்கு முன்னாடி உட்கார்ந்து எவனாலும் வாசிக்க முடியாது. வாசிக்கிறவன் மேல குத்தமில்லை."

அவ்வளவுதான் இருந்தது. ஏழு நிமிஷம் பற்றி ஓர் எழுத்து இல்லை.

"எலியா?" என்றான்.

"எலி."

"அந்த நாத்தம்... நான் என் வாய்னு நினைச்சேன். என் பயம்னு நினைச்சேன்."

"உனக்கு அப்பவே வயிறு சரியில்லை. எலின்னு சொன்னா இன்னும் வாந்தி எடுப்பேன்னு சொல்லலை. பையில கட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். கம்பெனியில சொல்லியிருந்தா இன்னொரு நாள் குடுத்திருப்பாங்க. மறுநாள் உன்கிட்ட சொல்லலாம்னு போன் பண்ணினேன். அதுக்குள்ள ஏதோ பிரமாதமா வந்துடுச்சுன்னு நீயே குதிச்சே. சரி, எப்படியோ சமாளிச்சு வாசிச்சுட்டான்னு விட்டுட்டேன்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஒரு செத்த எலி. ஒரே ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். அதற்குப் பதில் அவன் வேறு ஒரு வார்த்தை சொன்னான். மியூசியம் அம்மாள் இதைத் திரையில் போட்டுப் படித்தால் ஜனங்கள் சிரிப்பார்கள், கை தட்டுவார்கள். வேறு ஒன்றும் ஆகாது. எலிப் புழுக்கைக்குள் கை விட்டதுதான் மிச்சம்.

"எழுந்திரு. சட்டையில எல்லாம் அப்பியிருக்கு. வாஷ்பேசின்ல போய்க் கழுவு, சோப்புப் போட்டு." அக்கா அவன் கையிலிருந்து கட்டையை வாங்கி இடத்தில் சொருகினாள். மற்ற நாலையும் துடைத்து மாட்டினாள். பலகையை வைத்துத் திருகாணிகளை முடுக்கினாள். வேலையில் வேகமும் இல்லை, தாமதமும் இல்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அவனுக்கு உயிர் போய் வந்தது. "தட்டாதே அக்கா. மணி மூணு இருபத்தஞ்சு. ஆளுங்க வர்ற நேரம்."

"பிரிச்சதுக்கு அப்புறம் தட்டிப் பார்க்காம விட்டதா சரித்திரமே இல்லை. நீ பிரிச்சே, நான் தட்டறேன்."

"நல்லாத்தான் இருக்கும். விட்டுடு."

"ஏன்?" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

அவள் இடது கையை விரித்தாள். கீழ்க் கோடியில் ஒரு கட்டை, அதற்குப் பத்தாவது கட்டை, ஒரே அடி. அரங்கம் அதிர்ந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. மாடிப்படியில் இருட்டில் ஒருத்தி தயங்காமல் ஏறுவது போல் அது ஏறியது. பிறகு வலது கை புறப்பட்டது. எங்கே திரும்பும் என்று அவனுக்குத் தெரிந்த இடத்தில் எல்லாம் திரும்பியது. ஓர் இடத்தில் திரும்பவில்லை. வேறு பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தது. அந்த இடத்தில் அவனுக்கு, ஒத்திகை இல்லாமலே, ஒரு முனகல் வந்தது.

சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஓரத் திரைக்குப் பின்னாலிருந்து ஒட்டகம் தன் ஆளுயர பேஸைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது.

முதல் மணி அடித்தது.

அக்கா கையை எடுத்தாள். வழக்கம் போலக் கருவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்தாள். அதை ஒரு கணம் பார்த்தாள். மறுபடி பெட்டிக்குள் போட்டு மூடினாள். மேடையிலிருந்து இறங்கி, முதல் வரிசையில், நடு நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள்.

"அக்கா!" ஒட்டகம் மேடை விளிம்புக்கே வந்துவிட்டான். "சாரோட பாட்டு! அச்சு அசல் அந்த ரெக்கார்டு மாதிரியே. அந்த இடது கை, இத்தனை வருஷத்துல சார்கூட அப்படிச் சேர்த்து அடிச்சு நான் கேட்டதில்லை. என்னமா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க! எத்தனை தடவை கேட்டீங்கக்கா?"

அக்கா ஒட்டகத்தைப் பார்க்கவில்லை. மேடையில் அழுக்குச் சட்டையோடு நின்ற தம்பியைப் பார்த்தாள். மூக்கருகே பிடித்த பாலில் திரிந்த வாடை வந்தால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

"நான் அதைக் கேட்டதே இல்லைப்பா" என்றாள். "ஒரு தடவைகூட."